490ஓ 440ஓ? சுப்பர்கார் இலக்கங்களைப் பற்றி ஒரு கராச்காரன்ர பதில்

தம்பி, நீங்கள் எழுதினது ரெண்டு வரி. புகாட்டி சிரோன் எண்ட சுப்பர்கார் மணிக்கு 490 கிலோமீற்றரில போகுமெண்டு நீங்கள் சொல்லுறியள், கூட்டாளி 440க்கு மேல போகாதெண்டு நிக்கிறார், ஒரு கொத்துக்குப் பந்தயம். அதோட சேத்து இந்தக் கொம்பனியள் சொல்லுற ஸ்பீட் எல்லாம் உண்மையோ, சும்மா விளம்பரமோ எண்டும் கேட்டிருக்கிறியள். பந்தயத்தை முதல் முடிச்சு விடுறன், ரெண்டு பேரும் சரி, கொத்துக் காசு பாதி பாதி. 490 போனது உண்மை, அந்த மொடலை விக்கேக்க 440க்கு மேல போகாத மாதிரிப் பூட்டுப் போட்டுக் குடுத்ததும் உண்மை. ஆனா பந்தயத்துக்கு அடியில கிடக்கிற கேள்விதான் பெரிசு. ஒரு தாளில ஒரு இலக்கம் அடிச்சுக் கிடக்கு, அது எந்தக் கார், எந்த றோட்டு, எந்தக் காலநிலை, ஆர் மணிக்கூடு பிடிச்சது எண்டு தெரியாம அதை நம்பலாமோ? அதுக்குத்தான் இவ்வளவு நீட்டி எழுதுறன், பொறுமையா வாசியுங்கோ.

நான் ஆரெண்டும் சொல்லிப் போடுறன். வேலை பழகினது புதுக்குடியிருப்பில, பெற்றோல் தடை இருந்த காலம். மோட்டச்சைக்கிளை ஒரு சின்னப் போத்தில் பெற்றோலில ஸ்ராட் பண்ணி, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடின காலம் அது. கொம்பனி புத்தகத்தில எழுதின வலுவுக்கும் கையில இருக்கிற எஞ்சின் தாற வலுவுக்கும் எவ்வளவு தூரமெண்டு எனக்கு 14 வயசிலயே தெரியும். சண்டை முடிஞ்ச பிறகு டுபாய்க்குப் போய் 9 வருசம் ஒரு வேக்சொப்பில நிண்டனான், அங்க வந்தது முக்கால்வாசியும் நீங்கள் படத்தில பாக்கிற கார்தான். இப்ப கிளிநொச்சியில ஏ9 றோட்டுக்கு உள்ளுக்க ஒரு சின்னக் கராச், வகன் ஆர், வெசல், லான்ட்மாஸ்டர் எண்டு காலம் போகுது. ஒண்டை மறைக்காமச் சொல்லோணும், அந்தக் கார்களை நான் ஓட்டினது வேலை முடிஞ்சு ரெஸ்ற் பாக்கிற தூரம்தான், 160க்கு மேல ஒரு நாளும் மிதிச்சதில்லை. 400இல போகேக்க ஸ்டியறிங் எப்பிடி நடுங்குமெண்டு என்னட்டக் கேக்காதேங்கோ. ஆனா டைனோவில, அதாவது காரை ஏத்தி வலு அளக்கிற மெசினில, ஏத்தி அளந்தது கணக்கில்லை, இலக்கத்துக்காக வாடிக்கைக்காரரிட்ட ஏச்சு வாங்கினதும் கணக்கில்லை.

முதல் 0 - 100 கதையைப் பாப்பம், அதாவது நிண்ட இடத்திலயிருந்து 100 கிலோமீற்றர் ஸ்பீடுக்கு வர எடுக்கிற நேரம், ஏனெண்டா சனம் கனக்க ஏமாறுறது இதிலதான், அதுவும் கொம்பனி பொய் சொல்லுறதால இல்லை, நாங்கள் ஒரே மாதிரி இல்லாத ரெண்டு இலக்கத்தைப் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாக்கிறதால. அமெரிக்காவில சொல்லுறது 0 - 60 மைல், அது 96.6 கிலோமீற்றர், நூறு இல்லை. இந்த மாதிரிக் காருக்கு அந்த மிச்ச மூண்டரைக் கிலோமீற்றருக்கு ஒரு 0.1 செக்கன் போகும். அதைவிடப் பெரிய விசயம் "ஒரு அடி ஓட்டம்". அங்க ட்ராக் பந்தயத்தில முன் ரயர் ஒளிக்கதிரைத் தாண்டின பிறகுதான் மணிக்கூடு ஓடத் தொடங்கும், அந்தப் பழக்கத்தில சஞ்சிகைக்காரரும் முதல் ஒரு அடியைக் கழிச்சுப் போட்டுத்தான் நேரம் எழுதுறவை. பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில பெடியன் முதல் எட்டு வைச்ச பிறகு ரீச்சர் ஸ்ரொப்வொச்சை அமத்தின மாதிரித்தான். ஒரு அடியில என்ன கிடக்கு எண்டு நினைப்பியள், நல்லா இழுக்கிற காருக்கு அந்த ஒரு அடிக்குக் கால் செக்கன் போகும், அதுக்குள்ள கார் 8, 9 கிலோமீற்றர் ஸ்பீடுக்கு வந்திடும். அப்ப 0இலயிருந்து எண்டு எழுதினாலும் உண்மையில 8இலயிருந்துதான். டெஸ்லா மொடல் எஸ் ப்ளெய்ட் 1.99 செக்கன் எண்டு கொம்பனி சொன்னதும் இந்த ஒரு அடியைக் கழிச்ச கணக்குத்தான். 2021இல ஒரு அமெரிக்கச் சஞ்சிகை அளக்கேக்க பசை மாதிரி மருந்து தெளிச்ச பந்தய றோட்டில 1.98 வந்தது, சாதாரணத் தாரில 2.07. அப்ப கொம்பனி சொன்னது பொய்யோ? இல்லை. உங்கட வீட்டு வாசல் றோட்டில வருமோ? வராது.

இதில ரயரும் றோட்டும்தான் ராசா எண்டதுக்கு ஒரு கணக்குச் சொல்லுறன். 100 கிலோமீற்றர் எண்டா செக்கனுக்கு 27.8 மீற்றர். அதை 2.7 செக்கனில எடுக்கோணுமெண்டா செக்கனுக்கு செக்கன் 10 மீற்றருக்கு மேல ஸ்பீட் கூடோணும், அதாவது மேலயிருந்து விழுற தேங்காயை விடக் கொஞ்சம் கூட. காஞ்ச தாரில நல்ல ரயர் பிடிக்கிற பிடி கிட்டத்தட்ட அந்த அளவிலதான் நிக்கும். அப்ப 1000 குதிரைவலு இருந்தாலும் 1500 இருந்தாலும் முதல் ரெண்டு செக்கன் எஞ்சின்ர கையில இல்லை, ரயர்ர கையில. கொஞ்சம் மணல் கிடந்தாலே சரி, சில்லு சுத்தும், கார் நிண்ட இடத்தில நிக்கும்.

இனிக் குதிரைவலு. ஒரு நாள் ஒரு வாடிக்கைக்காரர், இளம் பெடியன், கார்ர பேரைச் சொல்லேல்ல, புத்தகத்தில 560 போட்டிருக்கு, எங்கட டைனோவில 470 சொச்சம்தான் வந்தது, என்ர காருக்கு என்ன செய்தனியள் எண்டு நாக்கைப் புடுங்கிற மாதிரிக் கேட்டவர். நாங்கள் ஒண்டும் செய்யேல்ல. கொம்பனி அளக்கிறது எஞ்சின்ர தண்டில, டைனோ அளக்கிறது சில்லில, இடையில கியர் பெட்டி, டிபரன்சல், ரயர் எல்லாம் தின்னுறது 15 வீதம் மட்டில. உங்கட அப்பாட்டக் கேளுங்கோ, பெரிய உழவு மெசின் வாங்கேக்க எஞ்சின் குதிரைவலு ஒண்டு, பின்னுக்கு மற்றச் சாமானைச் சுத்துற பீ.டீ.ஓ. தண்டில வாறது வேற எண்டு எந்தக் கமக்காரனுக்கும் தெரியும். அதுக்கு மேல அண்டைக்கு ஆவணி மாசம், வெளியில 45 பாகை. 25 பாகையிலயிருந்து 45க்கு ஏறினா காத்து 6 வீதம் மட்டில ஐதாகும், ரர்போ எஞ்சின் எண்டா உள்ளுக்க போற காத்தைக் குளிராக்கிற இன்ரகூலரும் சூடேறிப் போய் கொம்பியூட்டர் தானா வலுவைக் குறைச்சு எஞ்சினைக் காப்பாத்தும். அதே காரை மாசி மாசம் விடியக் காலமை ஏத்திக் காட்டினனாங்கள், நல்ல முன்னேற்றம், பெடியன் சிரிச்சுக்கொண்டு போனவர். வெப்பத்துக்கு ஏத்த மாதிரி இலக்கத்தைத் திருத்துற விதியள் இருக்கு, அதிலயும் அமெரிக்க விதி 25 பாகைக்குக் கணக்குப் போடுது, பழைய ஜேர்மன் விதி 20 பாகைக்கு. குதிரையிலயே ரெண்டு சாதி இருக்கு, ஐரோப்பாவில சொல்லுற பீ.எஸ். இங்கிலீஸ்காரன்ர எச்.பி.யை விடக் கொஞ்சம் சின்னன். புகாட்டி வேரோன் 1001 எண்டு விளம்பரம் செய்தது பீ.எஸ்.இல, எச்.பி.யில 987.

பாரத்திலயும் ஒரு விளையாட்டு இருக்கு, இதை ஆரும் கவனிக்கிறேல்ல. "உலர்ந்த பாரம்" எண்டு போடுவாங்கள், எண்ணெய், தண்ணி, பெற்றோல் ஒண்டுமில்லாத பாரம். பெராரி 458 உலர்ந்த பாரம் 1380 கிலோ, றோட்டில ஓடுற மாதிரி எண்டா 1485. ரெண்டு மூடை சீமெந்து ஏத்தின வித்தியாசம்.

எண்டாலும் குதிரைவலுவில பெரிய கொம்பனியள் இப்ப பச்சைப் பொய் சொல்லுறது குறைவு. ஐரோப்பாவில ஒரு எஞ்சினைப் பதிவு செய்யேக்க அளக்கிற உச்ச வலு கொம்பனி சொன்னதிலயிருந்து 2 வீதத்துக்கு மேல விலகக் கூடாது எண்டு விதி இருக்கு. முந்தி பிடிபட்டவையும் இருக்கினம், அது சுப்பர்கார் இல்லை, ஆனா கதை நல்லது. 1999இல போர்ட் மஸ்ராங் கோப்ரா 320 எச்.பி. எண்டு வந்தது, வாங்கின ஆக்கள் டைனோவில ஏத்திப் பாத்துப் போட்டுச் சண்டைக்கு வர, கொம்பனி விக்கிறதை நிப்பாட்டி, வித்த கார்களைத் திருப்பிக் கூப்பிட்டு சாமானை மாத்திக் குடுத்தது. 2001இல மஸ்டா மியாட்டா 155 எண்டு சொல்லி 142தான் வந்தது, விரும்பினா காரைத் திருப்பித் தாங்கோ எண்டு சொன்னவை. பிடிச்சது அரசாங்கமில்லை, டைனோ வாடகைக்கு எடுத்த சாதாரண சனம்.

குறைச்சுச் சொல்லுறவையும் இருக்கினம் எண்டா நம்புவியளோ? யப்பான் கொம்பனியள் 1989இலயிருந்து 2004 மட்டும் 280 பீ.எஸ்.க்கு மேல விளம்பரம் செய்யிறேல்ல எண்டு தங்களுக்குள்ள வாய்ப்பேச்சில ஒரு ஒப்பந்தம் வைச்சிருந்தவை. நிசான் ஸ்கைலைன் ஜீ.ரீ.ஆர் தாளில 280, எஞ்சின்ர உண்மையான வலு 300ஐத் தாண்டி நிக்கும். எங்கட றோட்டில ஓடுற யப்பான் கார்களில ஸ்பீட் மீற்றர் 180ஓட முடியிறதும், வகன் ஆரில 140ஓட முடியிறதும் இதே குடும்பத்துப் பழக்கம்தான், அங்க கொம்பனியே பூட்டுப் போட்டுத்தான் அனுப்புறது. போர்ஷேயும் அப்பிடித்தான். 911 ரர்போ எஸ் 0 - 100க்கு 2.7 செக்கன் எண்டு சொன்னவை, அமெரிக்கச் சஞ்சிகைக்காரர் 0 - 60 மைலை 2.2இல எடுத்துக் காட்டினவை. நான் மேல சொன்ன அந்தக் கால் செக்கனையும் 0.1ஐயும் திருப்பிக் கூட்டினாலும் 2.6க்குள்ள நிக்கும். அப்ப கொம்பனி சொன்னதை விடக் கார் கெதி. பெரிய பேருள்ள கொம்பனிக்கு ஒரு வாடிக்கைக்காரன் வழக்குப் போடுறதை விட அவன் "சொன்னதை விடக் கெதியாப் போகுது" எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறது லாபம்.

உச்ச ஸ்பீட்தான் உண்மையில சிக்கலான இடம், உங்கட பந்தயமும் இதிலதான் கிடக்கு. காத்துத் தடையை வெல்லத் தேவையான வலு ஸ்பீடின்ர மூண்டாம் அடுக்கில கூடும், ஸ்பீட் ரெண்டு மடங்கெண்டா வலு 8 மடங்கு. வேரோனை எடுத்துப் பாருங்கோ, 2005இல 1001 பீ.எஸ்.ஓட 408 போனது, 2010இல சுப்பர் ஸ்போட் 1200 பீ.எஸ்.ஓட 431. 199 குதிரையைக் கூட்டிக் கட்டி கிடைச்சது 23 கிலோமீற்றர். இந்தக் கணக்கைக் கையில வைச்சிருந்தா ஆர் வந்து அளந்தாலும் அளக்காட்டிலும் நீங்களே ஒரு மட்டுக்கு நிறுத்துப் பாக்கலாம், 100 குதிரை கூடினதால 60 கிலோமீற்றர் கூடிட்டுது எண்டு ஒருத்தன் சொன்னா அவனை வீட்ட அனுப்புங்கோ. அந்த 431 போன சுப்பர் ஸ்போட்டையே விக்கேக்க ரயரைக் காப்பாத்த 415இல பூட்டிப் போட்டுத்தான் குடுத்தவை, இதால 2013இல கின்னஸ்காரர் சாதனையைப் பிடுங்கிப் போட்டுப் பிறகு திருப்பிக் குடுத்ததும் நடந்தது. முதல் வேரோனுக்கு ரெண்டாவது திறப்பு ஒண்டு இருக்கு, அதைப் போட்டால்தான் கார் பதிஞ்சு, சிறகு மடங்கி, 400ஐத் தாண்டும், போடாட்டில் 375ஓட சரி. முழு மிதியில 100 லீற்றர் பெற்றோல் 12 நிமிசத்தில முடியும் எண்டு சொல்லுறவை. அப்பிடி மிதிச்சா 80 கிலோமீற்றர் வரும், வவுனியாவில ராங்க் நிரப்பிக்கொண்டு வெளிக்கிட்டா கிளிநொச்சி மட்டில காலி.

உங்கட 490 நடந்தது 2019 ஆவணி 2, ஜேர்மனியில ஏரா-லெசியன் எண்ட பரிசோதனைப் பாதையில, ஓட்டினவர் அண்டி வொலஸ். சரியாச் சொன்னா 490.484. அங்க கிட்டத்தட்ட 9 கிலோமீற்றர் நேர் றோட்டு, மாடில்லை, மயிலில்லை. ஆனா அந்தக் கார் கடைக் கார் இல்லை, வால் நீட்டி, பதிச்சு, பக்கத்துச் சீற்றைக் கழட்டி, உள்ளுக்க கம்பிக் கூடு அடிச்சது, ரயரை முதல் எக்ஸ்றே எடுத்துப் பாத்துத்தான் போட்டவை. ஓடினதும் ஒரு பக்கம் மட்டும். காத்தும் சரிவும் ஒரு பக்கம் உதவும், மற்றப் பக்கம் இழுக்கும், அதால ரெண்டு பக்கமும் ஓடிச் சராசரி எடுக்கிறதுதான் முறை. 2017இல ஸ்வீடன்காரற்ற கொனிக்செக் அகேரா ஆர்.எஸ். அமெரிக்காவில நெவாடாவில மூடின நெடுஞ்சாலையில ரெண்டு பக்கமும் ஓடிச் சராசரி 447 எடுத்தது. என்ர கண்ணில அந்த 447தான் 490ஐ விடப் பெரிசு, நீங்கள் சண்டைக்கு வரலாம். இதே அண்டி வொலஸ் 1998இல மக்லாறன் எப்1ஐ ரெண்டு பக்கச் சராசரி 386 ஓட்டினவர், அதுக்கும் எஞ்சின் சுத்துற எல்லையைக் கூட்டி விட்டுத்தான் ஓடினது.

பூட்டுப் போடுறதை நான் ஏமாத்து எண்டு சொல்லமாட்டன். குறோசியாக்காரன்ர ரிமாக் நெவேரா 412 போகுமெண்டு காட்டின கார், விக்கேக்க 352இல பூட்டு, ஏற்பாடு செய்த பாதையில கொம்பனி ஆக்கள் நிண்டு ரயரைப் பாத்துத் திறந்து விட்டால்தான் 412. பிழை எங்க எண்டா, விளம்பரத்தில 412 பெரிய எழுத்திலயும் 352 எறும்பெழுத்திலயும் கிடக்கிறது.

உண்மையாவே பொய் வந்த கதை ஒண்டு இருக்கு. 2020 ஐப்பசியில அமெரிக்காவில எஸ்.எஸ்.சி. எண்ட சின்னக் கொம்பனி ருவாட்டாரா எண்ட காரை அதே நெவாடா றோட்டில ஓட்டி, சராசரி 508, உச்சம் 532 எண்டு அறிவிச்சது. உலகம் முழுக்கச் செய்தி. பிறகு யூரியூப் பெடியள் மூண்டு பேர் வீடியோவை நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்து, றோட்டோரத்து அடையாளங்களுக்கு இடையில தூரத்தை அளந்து, கார் தாண்டின நேரத்தால பிரிச்சுப் பாத்தா, திரையில காட்டுற ஸ்பீட் எங்கயோ, கணக்கு எங்கயோ. நாலாம் வகுப்புக் கணக்கு, தூரம் வகுத்தல் நேரம், அவ்வளவுதான்! அளக்கிற கருவி செய்த கொம்பனியும் நாங்கள் அதை உறுதிப்படுத்தேல்ல எண்டு கை கழுவிச்சுது. 2021 தையில புளோரிடாவில விண்வெளி ஓடம் இறங்கின ஓடுபாதையில திருப்பி ஓடி, ரெண்டு பக்கச் சராசரி 455 எடுத்தவை, பிறகு முதல் சொன்ன ஸ்பீட் போகேல்ல எண்டு தாங்களே ஒத்துக்கொண்டவை. எனக்கு இதில கவலை என்னெண்டா, அந்த 455 அகேராவை விடக் கூட. உண்மையைச் சொல்லியே வெண்டிருக்கலாம்.

ஸ்பீட் மீற்றர் வீடியோவைச் சாட்சியா எடுக்காதேங்கோ. ஐ.நா. விதிப்படி ஸ்பீட் மீற்றர் ஒரு நாளும் குறைச்சுக் காட்டக் கூடாது, ஆனா 10 வீதமும் அதோட 4 கிலோமீற்றரும் கூட்டிக் காட்டலாம், அப்ப உண்மையா 100 போகேக்க 114 காட்டினாலும் சட்டப்படி சரி. பரந்தன் வெளியில 140 போனனான் எண்டு மீற்றர்ப் படம் போடுற தம்பிமாருக்கும் சேத்துத்தான் சொல்லுறன். ஜீ.பி.எஸ். கருவி வைச்சா நெஞ்சு கொஞ்சம் நோகும், ஆனா சரி.

இவ்வளவும் நான் அடிச்சுச் சொல்லுறது. அடிச்சுச் சொல்லாத ரெண்டு விசயம் இருக்கு. ஒண்டு, பத்திரிகைக்காரருக்கு ஓடக் குடுக்கிற காரும் உங்களுக்கு விக்கிற காரும் ஒண்டோ எண்டது. அப்பிடி இல்லை எண்டு பேருள்ள பத்திரிகைக்காரரே வெளிப்படையா எழுதியிருக்கினம், தொழிலில இருந்தவன் எண்ட முறையில எனக்கும் சந்தேகம் இருக்கு, ஆனா என்ர கையால ரெண்டையும் ஒரே நாள் ஒரே டைனோவில ஏத்தினதில்லை, அதால சந்தேகத்தோட நிப்பாட்டுறன். மற்றது ஜேர்மனியில நூர்பேர்க்றிங் எண்ட பந்தயப் பாதையை ஒருக்காச் சுத்துற நேரம். முந்தி 20.6 கிலோமீற்றருக்குக் கொம்பனியளே தங்கட மணிக்கூட்டால எடுத்தவை, 2019இலயிருந்து முழுச் சுத்து 20.832 கிலோமீற்றருக்கு நொத்தாரிசு நிண்டு எடுக்கினம். அந்த 232 மீற்றருக்கே நாலைஞ்சு செக்கன் போகும், பழசையும் புதுசையும் ஒரே பட்டியலில போட்டு அடிபடுறது பிரயோசனமில்லை. ரயர் எது, ஓட்டினவர் ஆர் எண்டதிலயே மிச்சமும் போயிடும்.

ஒரு பக்கக் கதை, எங்கட கமக்காரருக்குப் பிடிக்கும். அமெரிக்காவில நெப்ராஸ்கா மாநிலத்தில வில்மட் குரோசியர் எண்டொரு கமக்காரர், வாங்கின உழவு மெசின் சொன்ன வேலை செய்யாம ஏமாந்து போனவர். மனிசன் சட்டசபைக்குப் போய் 1919இல ஒரு சட்டமே கொண்டு வந்தார், பல்கலைக்கழகத்தில சோதிச்சுக் காட்டாத மெசினை அந்த மாநிலத்தில விக்க ஏலாது எண்டு. 1920இலயிருந்து சோதனை நடக்குது. உழவு மெசினுக்கு நூறு வருசத்துக்கு முதலே வந்தது இத்தனை கோடி பெறுமதியான காருக்கு இண்டைக்கும் இல்லை, உச்ச ஸ்பீடைக் கொம்பனி தானே ஓடித் தானே சொல்லுது.

கடைசியா நீங்கள் பகிடியாக் கேட்டது, எங்கட பக்கம் ஒண்டைக் கொண்டு வந்தா என்ன நடக்கும் எண்டு. கார்ர வயிறு நிலத்திலயிருந்து நாலைஞ்சு அங்குலம்தான் உயரம், ஏ9 தாரில பிரச்சினை இல்லை, ஒழுங்கைக்குத் திருப்பின முதல் மதகிலயே முன்பக்கம் உரசும். 98 ஒக்ரேனுக்குச் செய்த எஞ்சினுக்கு இஞ்ச 92ஓ 95ஓ அடிச்சா, எஞ்சின் தட்டுறதைக் கொம்பியூட்டர் கேட்டு வலுவைத் தானா இறக்கும். ஸ்பீட் 70க்கு மேல போனா பொலிஸ், போகாட்டிலும் மாங்குளம் தாண்டினா மாடு. முறிகண்டியில எல்லாரையும் போல நிப்பாட்டித் தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கிக்கொண்டு வெளிக்கிடேக்க அந்தப் பாக்கிங் மண்ணில 0 - 100 எடுத்துப் பாருங்கோ, நான் ஸ்ரொப்வொச்சோட வாறன், ஒரு அடி கழிக்கமாட்டன்.